ரீச்சரிடம் கேளுங்கள்: வெளிக்கிடும் வீடு

கேள்வி: ரீச்சருக்கு வணக்கம். எங்கள் வீடு வெள்ளவத்தையில். மகளுக்கு 16 வயது. கொழும்பில் ஒரு தனியார் பெண்கள் பாடசாலையில் தரம் 11 படிக்கிறாள். போன மாதம் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விருந்து கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பெற்றோர் கூடவே நிற்பார்கள் என்று சொன்னதால் அனுப்பினேன். இரவு பதினொன்றரைக்கு வந்தவள் நேரே குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தாள். கேக் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மறுநாள் அவளுடைய தண்ணீர்ப் போத்தலைக் கழுவத் திறந்தபோது தோடம்பழச் சாற்றோடு வேறொரு மணம் வந்தது. கேட்டேன். “எல்லாரும்தான் குடித்தார்கள் அம்மா, நான் கொஞ்சம்தான்” என்றாள். இவருக்கு இன்னும் சொல்லவில்லை, தெரிந்தால் அடிப்பார். பாடசாலைக்கு அறிவிக்கவா? இனி எந்த விருந்துக்கும் விடாமல் மறித்துவிடவா? இரவில் நித்திரையே இல்லை.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி, “பெற்றோர் கூடவே நிற்பார்கள்” என்பது. அவர்கள் நின்றிருப்பார்கள். மண்டபத்தில் கேக்கும் குளிர்பானமும்தான் இருந்திருக்கும். உங்கள் மகள் குடித்தது பெரும்பாலும் அங்கே இல்லை.

விருந்து ஏழு மணிக்கு என்றால் பிள்ளைகள் நான்கு மணிக்கே ஒரு தோழியின் வீட்டில் கூடுவார்கள். தலைமுடியை நேராக்க வேண்டும், நகத்துக்குப் பூச்சுப் போட வேண்டும், ஒருத்தியின் சட்டையை இன்னொருத்தி போட்டுப் பார்க்க வேண்டும். அறைக்கதவு சாத்தியிருக்கும், பாட்டுச் சத்தமாக இருக்கும். வீட்டுக்காரத் தாய் கீழே இருப்பார். பெண் பிள்ளைகள் வெளிக்கிடும் அறைக்குள் எதற்குப் போவது என்று விட்டுவிடுவார். வெளிக்கிடும் வீடு என்று நான் சொல்வது அதைத்தான். முப்பத்தொரு வருடம் உயிரியல் படிப்பித்தேன், கடைசி ஒன்பது வருடம் பகுதித் தலைவியாக இருந்தேன். என்னிடம் அழுதுகொண்டு வந்த பிள்ளைகளில் அநேகமானவர்கள் அந்த அறையைப் பற்றித்தான் சொன்னார்கள். பாடசாலைக் கழகங்கள் நடத்தும் ‘சோஷல்’ என்ற விருந்து என்றாலும், பாடசாலைகளுக்கிடையிலான கிரிக்கெட் போட்டியான பிக் மேட்ச் முடிந்த இரவு என்றாலும், பதினாறாவது பிறந்தநாள் என்றாலும், கதை தொடங்குவது அங்கேதான். விருந்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். இனிமேல், “எந்த வீட்டில் வெளிக்கிடுகிறீர்கள்? அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள்.

அந்த அறையில் நடப்பது ஏன் ஆபத்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரத்துக்குள், சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று மத்தியானம் சாப்பிடாத வெறும் வயிற்றில், அளவு தெரியாமல் ஊற்றிக் குடிக்கிறார்கள். வொட்கா 40 சதவீத மதுசாரம். 30 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 10 கிராம் மதுசாரம் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் ஈரல் அதைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். தண்ணீர்ப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு வொட்கா ஊற்றி, மிச்சத்துக்குத் தோடம்பழச் சாறு விட்டால் நாக்குக்குத் தெரியாது, ஈரலுக்குத் தெரியும். பெண் உடலில் நீரின் பங்கு குறைவு. அதனால் ஒரே நிறையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் செறிவு கூடும். நாற்பத்தைந்து கிலோ இருக்கிற பிள்ளைக்கு “கொஞ்சம்தான்” என்பது கொஞ்சம் இல்லை. இதை மகளுக்கு ஒரு பாடம் போலவே சொல்லுங்கள். பயமுறுத்தும் குரல் வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகள் கணக்கை மதிப்பார்கள்.

இப்போது என் மனதில் பல வருடமாகக் கிடக்கும் ஒன்றை எழுதுகிறேன். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளின் பிரியாவிடை முடிந்து, ஐந்து பேர் ஒருத்தியின் வீட்டுக்குப் போனார்கள். பெற்றோர் ஊரில் இல்லை. ஒரு பிள்ளை மயங்கிவிட்டாள். மற்ற நால்வரும் அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போய்ப் பச்சைத்தண்ணீர் ஊற்றினார்கள். பால் இல்லாத கோப்பி பருக்கினார்கள், தேசிக்காய்ச் சாறு பிழிந்து வாயில் விட்டார்கள். மூன்று மணி நேரம் இப்படிப் போனது. நால்வரிடமும் தொலைபேசி இருந்தது. ஒருத்தியும் ஒருவரையும் அழைக்கவில்லை. கடைசியில் வீட்டு வேலைக்கு நின்ற அம்மாதான் கதவைத் தட்டித் திறப்பித்து, முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பிள்ளை பிழைத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். பாடசாலையின் பெயர் என்ன ஆவது, சீருடையோடு படம் எடுத்தார்களா, பத்திரிகைக்குப் போகாமல் எப்படித் தடுப்பது என்று இரண்டு மணி நேரம் பேசினோம். ஏன் அழைக்கவில்லை என்று அந்த நால்வரிடமும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பல மாதம் கழித்து அவர்களில் ஒருத்தி தானாகவே சொன்னாள்: “அவளுடைய அப்பா அவளைக் கொன்றுவிடுவார் என்று பயந்தோம் ரீச்சர்.” அப்பா கொல்வார் என்ற பயத்தில் அவளை உண்மையாகவே சாக விடப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. மூன்று மணி நேரம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் “இவர் அடிப்பார்” என்ற வரியைக் கண்டதும் எனக்குப் போத்தலைவிட அது பெரிதாகத் தெரிந்தது. அவருக்குச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் மகள் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். அடி விழுந்தால் அடுத்த தடவை பிள்ளை குடிப்பதை விடமாட்டாள், சொல்வதைத்தான் விடுவாள் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு சோகேஸில் கட்டுநாயக்கவில் இறங்கும்போது வாங்கிய தீர்வையற்ற போத்தல் இருக்கிறதா? கனடாவிலிருந்து மைத்துனர் வந்தால் அது மேசைக்கு வருகிறதா? இருந்தால் அதைப் பற்றியும் கணவரிடம் பேசுங்கள். பிள்ளைகள் கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். குறைந்தது பூட்டாவது போடுங்கள். வெளிக்கிடும் வீட்டுக்கு வரும் போத்தல்களில் சில இப்படியான அலுமாரிகளிலிருந்துதான் வருகின்றன. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள்.

மகளுடன் பேசுவதற்கு வீட்டுச் சாப்பாட்டு மேசை சரிவராது. பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கக் கூட்டிப் போங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது சுலபம். ஒரு வாக்குக் கொடுங்கள்: “எந்த நேரமானாலும், எந்த நிலையிலும், நீயோ உன் தோழியோ மாட்டிக்கொண்டால் என்னை அழை. நான் வருவேன். அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.” மறுநாள் கேட்கலாம், கண்டிக்கலாம், அடுத்த விருந்தை மறிக்கவும் செய்யலாம். அன்றிரவு மட்டும் வாய் திறக்கக் கூடாது. தோழிகளுக்கு நடுவில் அம்மாவை அழைக்க வெட்கம் வரும். அதற்கு ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். “அம்மம்மாவுக்கு எப்படி இருக்கிறது?” என்று மகள் ஒரு செய்தி அனுப்பினால் நீங்கள் உடனே அழைத்து, “அம்மம்மாவுக்குச் சுகமில்லை, வந்துகொண்டிருக்கிறேன்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். பிள்ளையின் மானமும் தப்பும், பிள்ளையும் தப்புவாள்.

அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு இரவு விருந்து வேண்டாம் என்று சொல்வது நியாயம்தான். எப்போதைக்கும் என்று சொல்லாதீர்கள். ரியூஷன் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போவதற்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும்.

மற்றத் தாய்மாரில் வெளிக்கிட்ட வீட்டுத் தாயை மட்டும் தொலைபேசியில் அழையுங்கள். குற்றம் சாட்டாமல், “என் பிள்ளையும் குடித்தாள்” என்பதிலிருந்து தொடங்குங்கள். தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். தெஹிவளைக்குப் போவதற்குள் ஒரு பிள்ளையின் பெயர் நாறிவிடும். பாடசாலைக்கு இப்போதைக்கு அறிவிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். போத்தல் பாடசாலை வளவுக்குள் போகிறது என்று தெரிந்தால் மட்டும் வகுப்பாசிரியரை நேரில் சந்தியுங்கள். மகள் அடிக்கடி குடிக்கிறாள், அல்லது மனம் நொந்து குடிக்கிறாள் என்று தோன்றினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. நீங்களே அழைத்துக் கதைக்கலாம்.

கேள்வி: எனக்கு 17 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் சித்தி வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கிறேன். தோழிகள் குடிக்கும்போது நான் குடிப்பதில்லை. “ஊர்க்காரி” என்று கேலி செய்கிறார்கள். போகாமல் விட்டால் தனித்துப் போகிறேன். அத்துடன், ஒருத்தி மயங்கினால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது.
— பெயர் வேண்டாம்

பதில்: மகளே, முதலில் மயக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதை அப்படியே மனதில் வைத்துக்கொள். தட்டியும் கூப்பிட்டும் எழும்பாவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுத் தடவைக்குக் குறைந்தால், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் பத்து விநாடிக்கு மேல் போனால், உடம்பு சில்லிட்டால், வலிப்பு வந்தால், நினைவில்லாமல் வாந்தி எடுத்தால் அது நித்திரை இல்லை, நஞ்சு. நம் நிறத்தில் உதடு நீலமாவது சட்டென்று தெரியாது. நகத்தையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார். இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990ஐ அழை. அது இலவச அம்புலன்ஸ் சேவை. அது வரும்வரை அவளை ஒருக்களித்துப் படுக்க வை. மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். மேல் காலை மடித்து வைத்தால் உருளமாட்டாள். பச்சைத்தண்ணீர் ஊற்றாதே, அது உடல் வெப்பத்தை இன்னும் குறைக்கும். கோப்பி, தேசிக்காய் ஒன்றும் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுப்பிக்காதே. “தூங்கி எழும்பட்டும்” என்று விட்டுவிடாதே. வயிற்றில் கிடப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடமும் அவளைத் தனியே விடாதே. என்ன குடித்தாள், எவ்வளவு என்று வருபவர்களிடம் உண்மையைச் சொல். தோழி கோபிப்பாள். கோபிப்பதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

கேலியைப் பற்றி: ஜிஞ்சர் பியர் போத்தலை நீயே திறந்து கையில் வைத்துக்கொள். கீழே வைத்துவிட்டுப் போனதைத் திரும்ப எடுத்துக் குடிக்காதே. கையில் ஏதாவது இருந்தால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். மிச்சப் பேரிடம் “எனக்கு வேண்டாம்” என்று மட்டும் சொல், காரணம் சொல்லாதே. காரணம் சொன்னால் வாதாடுவார்கள். யாராவது தொலைபேசியில் படம் பிடித்தால், ஆண் பிள்ளைகள் நிதானமில்லாத ஒருத்தியை வேறு அறைக்குக் கூட்டிப் போகப் பார்த்தால், நீ குறுக்கே போய் நில், அல்லது சத்தமாக ஒரு பெரியவரை அழை. பிள்ளைகளுக்கு நடக்கும் துன்புறுத்தலை 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்கலாம், அதையும் குறித்து வை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சித்தி வீட்டில் நின்று படிக்கும் பிள்ளைக்கு, திரும்பிப் போவதற்கு ஒரு வீடு இருக்கிறது என்ற தைரியம் இருக்க வேண்டும். அன்றைய நாளில் நடந்ததில் பாதியையாவது சித்திக்குச் சொல்லத் தொடங்கு.

கேள்வி: பெண் பிள்ளைகள் கெட்டுப் போவதற்குக் காரணம் சட்டம் தளர்ந்ததுதான். பெண்களுக்கு மதுபானம் விற்பதை முற்றாகத் தடுத்தால் எல்லாம் சரிவரும் அல்லவா? எனக்கு 22 வயதில் மகனும் 15 வயதில் மகளும் இருக்கிறார்கள்.
— ஒரு தந்தை, தெஹிவளை

பதில்: ஐயா, சட்டம் தளரவில்லை. பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் போட்ட விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை இரத்துச் செய்ய உத்தரவிட்டார். அதற்கு முன்பே, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணோ பெண்ணோ 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் விற்கக் கூடாது. ஆகவே நீங்கள் கேட்கும் தடை ஏற்கெனவே இரண்டு மடங்காக இருக்கிறது. இருந்தும் போத்தல் பிள்ளைகளின் கைக்கு வருகிறது, ஏனென்றால் அவர்கள் கடைக்குப் போவதே இல்லை. ஒருத்தியின் அண்ணா வாங்குகிறார், இன்னொருத்தியின் ஒன்றுவிட்ட அண்ணா வாங்குகிறார், வாகனச் சாரதிக்குக் காசு கொடுத்தால் அவர் வாங்குகிறார். தங்கைமாருக்குச் செய்யும் உதவி என்றே அந்த இளைஞர்கள் நினைக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு 22 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கையின் தோழிகள் யாருக்காவது அவர் வாங்கிக் கொடுத்தாரா என்று இன்றிரவு கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.