பிரிண்டரும் டிவிஆரும் எந்த முகவரியில் இருக்கின்றன?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஏழு கணினிகள், ஒரு லேசர் பிரிண்டர், கண்காணிப்புக் கேமராக்களின் படங்களைப் பதிவுசெய்யும் கருவியான டிவிஆர் ஆகியவை ஒரே ரூட்டரில் இணைக்கப்பட்டுள்ளன. சென்ற மாதம் இணையச் சேவையை மாற்றியபோது புதிய ரூட்டர் வைத்தார்கள். அன்று முதல் டிவிஆரை எந்தக் கணினியிலும் திறக்க முடியவில்லை. பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்தோம். ஆனாலும் மின்சாரம் போய் வந்தால் சில நாட்களில் மறுபடியும் அச்சிட மறுக்கிறது. இவற்றின் ஐபி முகவரிகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு சாதனங்களும் நன்றாகவே இருக்கின்றன என்று தோன்றுகிறது. பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், மாறிக்கொண்டே இருக்கிறது. டிவிஆரோ பழைய முகவரியை விட்டு நகரவில்லை. ஆகவே, இரண்டையும் ஒரே முறையில் தேடினால் ஒன்றுதான் கிடைக்கும்.

முதலில், கேபிள் மூலம் இணைந்துள்ள ஒரு விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை இடுங்கள். கணினியின் முகவரி 192.168.29.14 என்றும், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும், டீஃபால்ட் கேட்வே 192.168.29.1 என்றும் வருவதாகக் கொள்வோம். முதல் மூன்று எண்கள் உங்கள் வலையமைப்பு முழுவதற்கும் பொதுவானவை. கடைசி எண் மட்டும் 1 முதல் 254 வரை சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும். கேட்வே என்பது ரூட்டரின் முகவரி. அதை உலாவியில் இட்டு உள்ளே சென்றால், இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். பலர் அந்தப் பட்டியலோடு தேடலை நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. பல ரூட்டர்களில் அந்தப் பட்டியல், டிஹெச்சிபி முறையில் ரூட்டரே வழங்கிய முகவரிகளின் பதிவு மட்டுமே. கையால் நிலையான முகவரி இட்ட சாதனம் அதில் வராமல் போகலாம். மேலும், மின்சாரம் போனால் பதிவை மறந்துவிடும் ரூட்டர்களும் உண்டு. அவ்வாறு மறந்த ரூட்டர், பிரிண்டர் நேற்று வரை வைத்திருந்த எண்ணை, முந்திக்கொண்டு விழித்த வேறொரு கணினிக்குக் கொடுத்துவிடும். உங்கள் பிரிண்டர் நின்றுபோவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்: விண்டோஸ் பழைய எண்ணுக்கே அச்சுவேலையை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதைவிட நம்பகமான வழி ஏஆர்பி. 1982-இல் வரையறுக்கப்பட்ட இந்த நெறிமுறையில், ஒரு கணினி மற்றொன்றோடு பேசுவதற்கு முன், ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று வலையமைப்பு முழுவதற்கும் கேள்வி விடுக்கிறது. உரிய சாதனம் தன் மேக் முகவரியை, அதாவது எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த தன் வன்பொருள் அடையாளத்தை, சொல்லிப் பதிலளிக்கிறது. பிங் செய்தால், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சோதனைச் செய்தி அனுப்பினால், பதில் வராத கணினிகள் நிறைய உண்டு, ஏனெனில் விண்டோஸின் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிடக்கூடும். ஆனால் ஏஆர்பி கேள்விக்கு விடை சொல்லாத சாதனத்தால் உள் வலையமைப்பில் யாரோடும் பேச முடியாது. எனவே பிங்குக்குப் பதில் இல்லை என்பதை வைத்து, அந்த முகவரியில் யாரும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

கணினியின் ஏஆர்பி அட்டவணையில் அது அண்மையில் தொடர்புகொண்ட சாதனங்கள் மட்டுமே இருக்கும். ஆகையால் ஆங்ரி ஐபி ஸ்கேனர் அல்லது என்மேப் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு 1 முதல் 254 வரை எல்லா முகவரிகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, உடனே அட்டவணையைத் திறக்க வேண்டும். அதற்கான கட்டளை, ஏஆர்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, சிறு கோடு, ஏ என்ற எழுத்து. வரும் பட்டியலில் 255 என்று முடிவதையும், 224 அல்லது 239 என்று தொடங்குவனவற்றையும் விட்டுவிடுங்கள். அவை எந்தத் தனிச் சாதனத்துக்கும் உரியவை அல்ல. எஞ்சியவற்றின் மேக் முகவரிகளை, பிரிண்டரின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் அல்லது அதன் அமைப்புகளை அச்சிடும் பக்கத்தில் உள்ள மேக் முகவரியோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிப்பதால், மற்றச் சாதனங்களையும் ஓரளவு அடையாளம் காணலாம். கைபேசிகளில் மட்டும் இது பயன்படாமல் போகலாம்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் அவை வைஃபையில் மாற்று மேக் முகவரியைக் காட்டுகின்றன. இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் அத்தகைய மாற்று முகவரி.

இனி டிவிஆர். பழைய ரூட்டர் 192.168.1 என்ற வரிசையில் இயங்கியிருந்து, டிவிஆருக்கு நிறுவியவர் 192.168.1.108 போன்ற நிலையான முகவரியை இட்டிருந்தால், புதிய ரூட்டரின் வரிசையை எத்தனை முறை துழாவினாலும் அது அகப்படாது. டிவிஆரில் மானிட்டரை இணைத்து, நெட்வொர்க் அமைப்புகளைப் பார்ப்பதே மிக எளிய வழி. அது இயலாவிட்டால் தயாரிப்பாளரின் தேடுகருவியைப் பயன்படுத்துங்கள். ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, டாஹுவாவுக்கு கான்ஃபிக்டூல் உள்ளன. ஐபி வரிசை பொருந்தாத சாதனத்தையும் இவை காட்டிவிடும். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், மடிக்கணினியை டிவிஆரோடு கேபிளில் நேரடியாக இணைத்து, வலையமைப்பில் செல்லும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஏஆர்பி செய்திகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு, டிவிஆரை அணைத்துப் போடுங்கள். விழித்தெழும் டிவிஆர் வழக்கமாகத் தன் பழைய கேட்வேயைத் தேடிக் குரல் கொடுக்கும். அச்செய்தியிலேயே அதன் முகவரி இருக்கும். அதே வரிசையில் பயன்படாத ஓர் எண்ணை மடிக்கணினிக்குத் தற்காலிகமாக இட்டால், டிவிஆரின் அமைப்புப் பக்கம் உலாவியில் திறக்கும். அங்கே ஐபி முகவரியோடு கேட்வேயையும் புதிய ரூட்டருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கேட்வேயை மாற்ற மறந்தால், அலுவலகத்துக்குள் படம் தெரியும், வெளியில் இருந்து கைபேசியில் தெரியாது.

விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இருந்துகொண்டு தேட வேண்டாம். பல ரூட்டர்கள் அங்குள்ள சாதனங்களை மற்றவற்றிலிருந்து பிரித்தே வைத்திருக்கும். கட்டடத்தின் பொது வலையமைப்பில் நீங்கள் இணைந்திருந்தால், அதை நிர்வகிப்பவரின் அனுமதி இல்லாமல் ஸ்கேன் செய்யாதீர்கள்.

முகவரிகள் கிடைத்ததும், ரூட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். டிவிஆரில் நிலையான முகவரியையே தொடர விரும்பினால், ரூட்டர் தானாக வழங்கும் எண்களின் எல்லைக்கு வெளியே உள்ள ஓர் எண்ணைத் தாருங்கள். ரூட்டர் 200 வரை வழங்குமானால் 240 பொருந்தும். அதன்பின் ஏழு கணினிகளிலும் பிரிண்டரின் போர்ட்ஸ் பகுதிக்குச் சென்று, ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்டில் பிரிண்டருக்கு ஒதுக்கிய புதிய முகவரியை இட்டு, ரூட்டரையும் பிரிண்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டு அச்சிட்டுப் பாருங்கள்.