‘ட்ராக் 01’ என்றொரு ராகம்

அன்புள்ள ஐயா,

நான் மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவ்லியில் இருக்கிறேன். மும்பை ஃபோர்ட்டில் வேலை. போக வர தினமும் இரண்டரை மணி நேரம் லோக்கல் ரயிலிலேயே கழிகிறது. பாட்டுக் கேட்க எனக்குக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான்.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். 212 காசெட்டும் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் விட்டுப் போயிருக்கிறார். பாதிக் காசெட்டுகளை 2006 வாக்கில் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 சிடியாக மாற்றி வைத்திருந்தார். அதையெல்லாம் தம்பி டிஸ்க்கில் ஏற்றினான். கூடவே சினிமாப் பாட்டுகள். மொத்தம் 9,400 ஃபைல், 70 ஜிபி. பாதிக்கு மேல் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்றுதான் இருக்கிறது. எது எந்தக் கச்சேரி என்று தெரியவில்லை. அப்பாவின் நோட்டு ஒன்று இருக்கிறது. காசெட்டுக்கு எண் போட்டு எழுதியிருப்பார், சிலவற்றுக்கு ஓரத்தில் ‘வீ’ என்று ஒரு குறி. கையெழுத்து பாதி புரியாது.

தனியாக ஒரு மியூசிக் ப்ளேயர் வாங்கலாமா? 512 ஜிபி போதுமா? பழைய 160 ஜிபி ஐபாட் ஒன்று விலைக்கு வருகிறது, அதை எடுக்கலாமா? “ஃபோன் இருக்கறப்போ எதுக்கும்மா?” என்கிறான் மகன். இந்த விஷயத்தில் நிறையப் பணத்தை விட்டவன் என்று நீங்களே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.,
டோம்பிவ்லி கிழக்கு

*

அன்புள்ள எஸ்.,

பணத்தை விட்டவன் என்பது உண்மை. மாட்டுங்காவில் என் மேசை இழுப்பறையைத் திறந்தால் ஐந்து ப்ளேயர்கள் கிடக்கின்றன. அதில் இரண்டு, பேட்டரி உப்பி, தீபாவளி அதிரசம் மாதிரி ஆகிவிட்டன. மனைவி அவற்றைத் தூக்கிப் போடச் சொல்லி மூன்று வருஷமாகிறது.

முதலில் அளவு. கடைகளில் மாற்றித் தந்த பழைய எம்பி3 பெரும்பாலும் 128 கேபிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 128 கிலோபிட்) இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 58 எம்பி. உங்கள் 70 ஜிபியை அதால் வகுத்தால் ஏறக்குறைய 1,200 மணி நேரம் வருகிறது. தினம் இரண்டரை மணி வீதம் 480 வேலை நாள். ஒன்றைக்கூடத் திருப்பிக் கேட்காமல், கிட்டத்தட்ட இரண்டு வருஷம். 512 எதற்கு? 128 ஜிபி கார்டு ஒன்றில் மொத்தமும் அடங்கி இடமும் மிஞ்சும்.

கார்டு என்றதும் ஒன்று. சில வருஷம் முன்பு லாமிங்டன் ரோடு நடைபாதையில் பாதி விலைக்கு 512 ஜிபி கார்டு வாங்கினேன். கம்ப்யூட்டரும் 512 என்றுதான் காட்டியது. ஏற்றிய பாட்டுகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. கேட்டால்தான் விஷயம்: ஒரு பல்லவி பாதியில் நின்று மௌனம், இன்னொரு கீர்த்தனைக்கு நடுவே வேறு யாரோ சினிமாப் பாட்டு. இந்த மாதிரிப் போலிக் கார்டுகளில் உள்ளே இருப்பது 32 ஜிபியோ என்னவோ, வெளியே பெரிய எண்ணைச் சொல்லும்படி அதன் சில்லை மாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். எங்கே வாங்கினாலும் முதல் ராத்திரி அதை ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஐபாட் வேண்டாம். 160 ஜிபி கிளாசிக் முதலில் 2007-ல் வந்தது, 2014-ல் நிறுத்தப்பட்டது. ஐபாட் என்ற பெயரே 2022 மே மாதத்தோடு முடிந்தது. உள்ளே சுழல்வது சின்ன ஹார்டு டிஸ்க், பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அழகான பொருள்தான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அது பாட்டுகளை ‘எஃப்00’, ‘எஃப்01’ என்று ஃபோல்டர்களில் போட்டு, நாலெழுத்துப் பெயர் சூட்டி ஒளித்து வைக்கும். ‘ட்ராக் 01’-இலிருந்து தப்பிக்க நினைக்கும் நீங்கள் அங்கேயா போய் விழ வேண்டும்?

மகன் சொல்வதில் பாதி சரி. ஃபோன் பாடும், நன்றாகவே பாடும். ஆனால் அனுபல்லவியில் ஓடிபி வரும், சரணத்தில் ஹவுசிங் சொசைட்டி வாட்ஸாப் குழுவில் தண்ணீர் டேங்கர் சண்டை வரும். அதனால் வீட்டில் ஹெட்ஃபோன் செருகும் குழி உள்ள, கார்டு போடும் இடம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் சும்மா கிடக்கிறதா பாருங்கள். சிம்மை உருவிவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டு, பவர்ஆம்ப் மாதிரி ஓர் ஆப் ஏற்றினால் அதுதான் உங்கள் ப்ளேயர். பின்மூடி மேடு தட்டியிருந்தால் மட்டும் தொடாதீர்கள், பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். இப்படி ஒன்று கிடைக்காவிட்டால் மட்டுமே கடைக்குப் போகலாம்.

வாங்குவதானால் மூன்று ஃபைல்களைப் போட்டுச் சோதியுங்கள். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டார்கள். இணையத்தில் வாங்கி, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதிப்பதுதான் நடக்கிற காரியம்.

முதல் ஃபைல், உண்மையில் மூன்று: சிடியில் தனித்தனி ட்ராக்காக வெட்டிய ஒரு ராகம் தானம் பல்லவி. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக நறுக்கும். ஒரு துண்டு சுமார் 26 மில்லி வினாடி. பாட்டு துண்டின் நடுவில் முடிந்தால் மிச்சத்தை வெறுமையால் நிரப்பிவிடும், தொடக்கத்திலும் கொஞ்சம் வெறுமை சேரும். இதைக் கழித்துவிட்டு ஒட்டிப் பாடத் தெரிந்த ப்ளேயரும் உண்டு, தெரியாததும் உண்டு. தெரியாததில் தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் ஒரு விக்கல். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இது ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. நமக்கு உயிர் போகும்.

இரண்டாவது, ஐம்பது நிமிஷ ஃபைல் ஒன்று. நடுவில் நிறுத்தி, அணைத்து, மறுநாள் போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். தாணேயில் விட்ட ஆலாபனையைச் சாயங்காலம் முதலிலிருந்து கேட்க யாருக்குப் பொறுமை?

மூன்றாவது, தமிழில் பெயரிட்ட ஃபைல். ‘தேவகாந்தாரி’ என்று வைத்துப் பாருங்கள். ‘தே’-யின் இரட்டைக் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது சின்ன ப்ளேயர்கள் பலவற்றுக்குத் தெரியாது. கொம்பு பின்னால் போய்த் தொங்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். ஆண்ட்ராய்டில் ஓடும் ப்ளேயர்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் தொடுதிரை. நாலாவது சீட்டில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருப்பவருக்கு, பைக்குள் கைவிட்டுத் தடவி அமுக்க ஒரு பட்டன் வேண்டும். பாட்டை மாற்ற, நிறுத்த, ஒலியைக் குறைக்க நிஜப் பட்டன் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் தங்க எழுத்தில் போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். லோக்கல் சத்தத்தில் அது கேட்காது.

எம்பி3-யை ஃப்ளாக் என்ற ஃபைல் வகையாக மாற்றினால் தரம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் கலந்த பாலை வெள்ளிச் செம்பில் ஊற்றுகிற வேலை அது. ஆனால் அசல் காசெட்டை இனிமேல் மாற்றுவதானால் ஃப்ளாக்கில் மாற்றுங்கள். எதையும் இழக்காமல், சிடி அளவில் ஏறக்குறைய பாதிக்குச் சுருங்கும். அதிலும் எல்லாம் வேண்டாம். கம்பெனி வெளியிட்ட காசெட் எங்கேயாவது கிடைக்கும். அப்பா தானே பதிந்தவை மட்டும் முதலில். டோம்பிவ்லியில் ஜூலை மாதம் செருப்பே பூக்கிறது, காசெட் பூக்காதா? மழைக்கு முன் முடியுங்கள். சிடிகள் அதைவிட அவசரம். கடையிலோ வீட்டிலோ இப்படி எழுதும் சிடி சாயத்தில் எழுதப்படுவது, சாயம் வெளுக்கும். இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் இந்த வாரமே மூன்றாவது ஒன்றில் அப்படியே நகலெடுத்து, அதைத் தம்பி வீட்டில் வைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் பெயர் மாற்றுகிற வேலையெல்லாம்.

அந்த வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு ஃபைலிலும் பாட்டின் விவரங்களை எழுதக் கட்டங்கள் உண்டு. ப்ளேயர்கள் எல்லாம் பாடகர், ஆல்பம், ஜானர் (பாட்டின் வகை) என்றுதான் கேட்கும். நமக்கு மனசில் வருவது ஆல்பமா? “இன்னிக்கு ஒரு தோடி கேக்கணும்” என்றுதானே வருகிறது! ஜானர் என்ற கட்டத்தில் ராகத்தின் பெயரைப் போட்டுவிடுங்கள். கம்போஸர் கட்டத்தில் சாகித்யகர்த்தா, ஆல்பத்தில் காசெட் எண், பாடகர் கட்டத்தில் முதன்மைப் பாடகர் மட்டும். பக்கவாத்தியக்காரர்களைக் குறிப்புக் கட்டத்துக்கு அனுப்புங்கள். அவர்களையும் பாடகரோடு சேர்த்தால் ஒரே கச்சேரி நாலு துண்டாகச் சிதறும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் நூறு ஃபைலைத் தேர்ந்து ஒரே அடியில் ஒரு கட்டத்தை நிரப்பலாம். சினிமாப் பாட்டுக்கு ம்யூசிக்ப்ரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருள் கொஞ்சம் உதவும், ஒலியைக் கேட்டே பெயர் கண்டுபிடிக்கப் பார்க்கும். அப்பாவின் காசெட்டில் அது வாயைத் திறக்காது.

எழுத்துக்கூட்டலில் கவனம். என்னிடம் தோடி ஆங்கிலத்தில் ஐந்து விதமாக, ஐந்து ராகமாகக் கிடந்தது. சரி, தமிழிலேயே எழுதுவோம் என்று மாறினேன். கொஞ்ச நாளில் ரீதிகௌளை இரண்டு வந்தது. ஒன்றில் 11 பாட்டு, இன்னொன்றில் 4. முறைத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது: ஔகாரக் குறியின் பின்பாதி பார்வைக்கு ‘ள’ மாதிரியே இருக்கிறது, நாலு பாட்டில் நான் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ஒரு ‘ள’வைத் தட்டி வைத்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு. ராகப் பெயர்களை ஒரே ஒரு முறை ஒழுங்காகத் தட்டி ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே வெட்டி ஒட்டுங்கள்.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த நோட்டு. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். 212 காசெட்டுக்கும் அப்பா எண் போட்டிருக்கிறார். பட்டியல் முன்பே தயார்! நீங்கள் புதிதாக எந்த முறையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஃபைலின் பெயர் அவர் எண்ணிலேயே தொடங்கட்டும்: ‘043ஆ-02 ரீதிகௌளை’ என்றால் 43-ம் காசெட், இரண்டாம் பக்கம், இரண்டாவது உருப்படி. 43 என்று விடாமல் 043 என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் சில ப்ளேயர்கள் 1, 10, 100, 2 என்று வரிசை கட்டும். மட்டமான ப்ளேயர்கள் பெயரையே பார்க்காது, நகலெடுத்த வரிசையில்தான் பாடும். அதனால் ஒவ்வொரு ஃபோல்டராக, எண் வரிசையிலேயே கார்டில் ஏற்றுங்கள்.

தேதி இல்லாத பதிவுகளுக்கும் நோட்டில் துப்பு இருக்கும். உதாரணமாக மும்பை ஷண்முகானந்தா ஹால் என்று எழுதியிருந்தால், அந்த அரங்கம் 1990-ல் தீப்பிடித்து 1998-ல்தான் மறுபடி திறந்தது. நடுவில் எட்டு வருஷத்தைத் தாராளமாகக் கழித்துவிடலாம். 9,400-ஐயும் ஒரே மூச்சில் ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள், நான் அப்படி உட்கார்ந்து ஒரு வருஷம் பாட்டே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காசெட். சினிமாப் பாட்டுகள் கிடக்கிறபடி கிடக்கட்டும்.

இன்று ராத்திரியே நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள். கையெழுத்து புரியாத பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், அந்தத் தலைமுறைக் கையெழுத்து எனக்குக் கொஞ்சம் பழக்கம். முக்கியமாக ‘வீ’ போட்ட பக்கங்கள். வீணைக் கச்சேரியா, வீட்டு ரேடியோவிலிருந்து பதிந்ததா, அல்லது யாருக்கோ இரவல் கொடுத்து வீணாய்ப்போனதா? அந்த எண்ணுள்ள காசெட் ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.