ஸ்டூடன்ட் விசாவில இருந்துகொண்டு பார்லிமென்டில கேள்வி கேக்க வைக்கலாமோ?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே, இந்தியப் பெருங்கடலில இருக்கிற டியேகோ கார்சியா தீவில இருந்து இஞ்ச பிரிட்டனுக்குக் கொண்டுவந்த, அடைக்கலம் கேட்ட எங்கட தமிழ் ஆக்களில உங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், அவையளைப் பற்றி அமைச்சரிட்ட கேள்வி கேக்கச் சொல்லி எம்பிக்கு எழுதலாமோ, எழுதினா உங்கட ஸ்டூடன்ட் விசாவுக்கு ஏதும் வில்லங்கம் வருமோ எண்டு. வில்லங்கம் ஒண்டும் வராது, பயப்பிடாம எழுதுங்கோ.

எம்பி எண்டுறவர் தனக்கு வோட் போட்ட ஆக்களுக்கு மட்டும் இல்லை, அந்தத் தொகுதியில குடியிருக்கிற எல்லாருக்கும்தான், சிட்டிசன்ஷிப் தேவையில்லை, உங்கட முழு அட்ரஸும் போஸ்ட்கோடும் போட்டா காணும். இன்னொண்டு கனபேருக்குத் தெரியாது, இலங்கை காமன்வெல்த் நாடு எண்டபடியா விசாவில இருக்கிற நீங்களே இஞ்சத்த பார்லிமென்ட் எலக்சனில வோட் போடலாம், பேரை ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு அண்டைக்கு இலங்கை பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினா சரி. வந்த கையோட அதைச் செய்துவிடுங்கோ.

இனி விசயத்துக்கு வாறன். அந்தப் பெடியன்ர கேஸும் பொதுக் கேள்வியும் வேற வேற. கேஸ் எண்டா எம்பின்ர ஆபிஸில ஆக்களின்ர பிரச்சினையளைப் பாக்கிற கேஸ்வர்க்கர் அவன்ர கையெழுத்தோட அனுமதி வாங்கி அமைச்சுக்குக் கடிதம் போடுவினம், அது வெளியில வராது. ஆனா அதை அவன் தான் இப்ப இருக்கிற தொகுதி எம்பியிட்டத்தான் குடுக்கவேணும், உங்கட எம்பி எடுக்கமாட்டார். பார்லிமென்ட் கேள்வி எண்டது ஒராளைப் பற்றி இல்லை, எத்தினை பேர், எவ்வளவு செலவு, எந்தத் தேதிக்குள்ள முடிவு எண்டு அரசாங்கத்திட்ட கேக்கிறது. அதை நீங்கள் உங்கட எம்பி மூலமா கேக்கலாம்.

ஆரிட்டக் கேக்கிறது எண்டுறதிலதான் கனபேர் தடுமாறுறது. அந்தத் தீவில இருக்கிறது ராணுவத் தளம், அதாலை பாதுகாப்பு அமைச்சு எண்டு நினைப்பம், அகதி விசயம் எண்டா உள்துறை அமைச்சான ஹோம் ஆபிஸ் எண்டு நினைப்பம். ஆனா பிரிட்டனுக்கு இருக்கிற 14 கடல்கடந்த பிரதேசத்தில அதுவும் ஒண்டு, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் எண்டுறது அதின்ர பேர், அதுக்குப் பொறுப்பான கமிஷனர் லண்டனில வெளியுறவு அமைச்சில இருக்கிற அதிகாரி. 2021 அக்டோபரில எங்கட ஆக்கள் போன படகு தத்தளிச்சு அங்க போய்ச் சேர்ந்ததில இருந்து, 2024 டிசம்பரில பெரும்பாலான ஆக்களை இஞ்ச கொண்டுவரும் வரைக்கும், அந்தக் கூடார முகாமைப் பற்றின கேள்விக்கெல்லாம் வெளியுறவு அமைச்சுதான் பதில் சொன்னது. இஞ்ச வந்தாப் பிறகு அவையின்ர அடைக்கலக் கேஸ் ஹோம் ஆபிஸின்ர வேலை. அதே 2024 டிசம்பரில அந்தப் பிரதேசத்து உச்ச நீதிமன்றமே அவையளை அடைச்சு வைச்சது சட்டவிரோதம் எண்டு தீர்ப்புச் சொன்னது, உங்கட கடிதத்தில அதைக் கட்டாயம் எழுதுங்கோ.

நான் என்ர எம்பியிட்ட இதே விசயமா போகேக்க ரெண்டு பக்கக் கடிதம் கொண்டுபோனனான், 83 ஜூலையில இருந்து எல்லாம் எழுதி. எம்பின்ர ஆபிஸில வேலை செய்யிற பிள்ளை பொறுமையா முழுக்க வாசிச்சுப்போட்டு கடைசியில பென்சிலால ஒரே ஒரு வரிக்குக் கீழ கோடு போட்டுது, முகாமில எத்தினை சின்னப் பிள்ளையள் இருக்கினம் எண்டு நான் கேட்ட வரி. அது மட்டும்தான் எழுத்துமூலக் கேள்வியாப் போனது. அந்தப் பிள்ளை சொன்னது சரி, அமைச்சரிட்ட நியாயமா எண்டு கேட்டா அரசாங்கம் இதைக் கவனமா எடுக்குது எண்டு நாலு வரி வரும், எண்ணிக்கையைக் கேட்டா எண்ணிக்கையைச் சொல்லவேணும் அல்லது சொல்லமாட்டன் எண்டதை எழுத்தில தரவேணும். பாதுகாப்பு விசயத்தில சொல்லமாட்டினம் எண்டுறது அடிக்கடி வரும், விசேட படையளைப் பற்றியோ அணு ஆயுதம் எங்க இருக்கு எண்டோ கேட்டா எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரே பதில்தான்.

காசுக் கணக்கைக் கேக்கேக்க என்னண்டு கணக்குப் போட்டது எண்டும் சேர்த்துக் கேக்கவேணும். அந்தப் பிரதேசத்தை மொரிஷியஸுக்குக் குடுத்துப்போட்டு தளத்தை மட்டும் வைச்சிருக்கிறதுக்கு 2025 மே 22இல கையெழுத்து வைச்ச ஒப்பந்தத்தைப் பாருங்கோ, தளத்தை 99 வருசம் வைச்சிருக்க வருசத்துக்குச் சராசரி 101 மில்லியன் பவுண்ட், அப்ப பெருக்கிப் பார்த்தா 10 பில்லியன் வரும், ஆனா அரசாங்கம் சொன்ன மொத்தம் 3.4 பில்லியன், எதிர்க்கட்சி சொன்னது 30 பில்லியனுக்கு மேல. அரசாங்கம் எதிர்காலக் காசை இண்டைய மதிப்புக்குக் குறைக்குது, எதிர்க்கட்சி விலைவாசியோட கூட்டுது.

சரி, பதில் வந்து என்ன பிரயோசனம் எண்டு கேப்பியள். அது நிரந்தரமாப் பதிவில நிக்கும், பிழையெண்டா அமைச்சர் அதைத் திருத்தவேணும். 2008 பெப்ரவரி 21இல அப்ப வெளியுறவு அமைச்சரா இருந்த டேவிட் மிலிபேண்ட் சபையில மன்னிப்புக் கேட்டவர், ஏனெண்டா அமெரிக்கா கைதியளைக் கொண்டுபோன விமானம் டியேகோ கார்சியாவில இறங்கவே இல்லை எண்டு அதுக்கு முந்தி அமைச்சர்மார் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தவை, கடைசியில 2002இல ரெண்டு விமானம் எண்ணெய் அடிக்க இறங்கினது எண்டு தெரியவந்தது. விடாமக் கேட்ட எம்பிமார் இல்லாட்டி திருத்துறதுக்கு ஒரு பழைய பதிலே இருந்திருக்காது. அதுக்கும் முந்தி, போக்லாந்து யுத்தத்தில 1982 மே 2இல ஆர்ஜன்டீனாவின்ர பெல்கிரானோ போர்க்கப்பலை பிரிட்டன் மூழ்கடிச்சதில 323 பேர் செத்தவை, அதைப் பற்றி டாம் டேலியல் எண்ட எம்பி கேட்டுக்கொண்டே இருந்தார், பாதுகாப்பு அமைச்சில அந்தப் பதிலுகளை எழுதிக் குடுத்த கிளைவ் பொண்டிங் உண்மை மறைபடுது எண்டு ஆவணத்தை அவருக்கே அனுப்பி, வழக்கில மாட்டி, 1985இல ஜூரி விடுதலை செய்தது.

இப்ப நீங்கள் செய்யவேண்டியது, பழைய பதிலுகளை முதல்ல பார்லிமென்ட் வெப்சைட்டில தேடுங்கோ, தீவின்ர பேரைப் போட்டும் பிரதேசத்தின்ர பேரைப் போட்டும் ரெண்டு தரம் தேடுங்கோ, ஏற்கெனவே கேட்டதைத் திருப்பிக் கேட்டா முந்தின பதிலைப் பார் எண்டு அனுப்பிவிடுவினம். பிறகு ஒரு கேள்வி, ஒரே வரி. இந்தத் தேதியில பதில் வேணும் எண்டு தேதி குறிச்ச கேள்வியாப் போடச் சொல்லிக் கேளுங்கோ, அது கெதியா வரும், இல்லாட்டி ஒரு கிழமை எண்டுதான் வழக்கம், சிலநேரம் இழுபடும். ஜூலைக் கடைசியில சபை லீவில போயிடும், அதுக்கு முந்தி எம்பியிட்ட குடுத்துப்போடுங்கோ. எழுதின வரியை இஞ்ச போட்டியள் எண்டா நானும் ஒருக்காப் பாக்கிறன்.