நன்றியைப் பழக்குவது வேறு, வசூலிப்பது வேறு

"8 வயது மகன் எதை வாங்கிக் கொடுத்தாலும் 'இவ்வளவுதானா?' என்கிறான். தினமும் இரவில் 3 நன்றிகளை நோட்டில் எழுத வைத்தோம். ஒரே வாரத்தில் அழுது அடம்பிடித்து நிறுத்திவிட்டான். இதை எப்படிப் பழக்கமாக்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், நீங்கள் சிறு வயதில் கண்ணால் கூடப் பார்க்காதவற்றை அவனுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்தச் சொல் அப்படிச் சுடுகிறது. எனக்கும் சுட்டது. ஆனால் நோட்டை மறுபடி கையில் எடுப்பதற்கு முன், அந்தப் பழக்கம் அவனுக்காகவா, நம் மனம் ஆறுவதற்காகவா என்பதை நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் 6ஆம் வகுப்புப் படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதன் பின் 10ஆம் வகுப்பு முடியும்வரை உசிலம்பட்டிப் பக்கத்தில் பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தேன். சோறு போட்டார்கள், துணி எடுத்துக் கொடுத்தார்கள், படிக்க வைத்தார்கள்; இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியம்மா என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, "யாரு ஒன்னையப் படிக்க வைக்கிறா, சொல்லு பாப்போம்" என்பார். நான் "பெரியப்பா" என்று சொல்வேன். வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போக முடியும். 5 வருடங்கள் இது நடந்தது. இப்போது எனக்கு 41 வயதாகிறது. இன்றைக்கும் யாராவது என்னிடமிருந்து நன்றியை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று தெரிந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

சோறு போட்ட வீட்டைக் குறை சொல்கிறாளே என்று இதைப் படிக்கும் சிலர் நினைக்கலாம். அந்த வீட்டின் மேல் எனக்கு உண்மையான நன்றி உண்டு. ஆனால் அது திண்ணையில் பிறந்ததல்ல. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், மழையை நம்பிய நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சொந்தப் பிள்ளைகள் 4 பேர் இருக்கும் வீட்டில் ஐந்தாவதாக ஒரு தட்டு வைத்தார்களே என்று தோன்றியது. அன்றைக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் சொல்லி வரவில்லை, நானே கணக்குப் போட்டபோது வந்தது. சென்ற வருடம் பெரியம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது 9 நாட்கள் என் வீட்டில் வைத்துச் சொட்டு மருந்து விட்டேன். மனப்பூர்வமாகத்தான் செய்தேன்.

இவ்வளவு பட்டும், என் மகள் விஷயத்தில் நீங்கள் செய்த அதே தவறை நானும் செய்தேன். தினமும் இரவு 5 நன்றிகள் எழுத வேண்டும் என்றேன். "சாமி, அம்மா, அப்பா, வீடு, சாப்பாடு" என்று எழுதினாள். மறுநாளும் அதே ஐந்து. 12ஆம் நாள் வரிசை கூட மாறவில்லை. தூக்கத்தில் எழுத்து மட்டும் கோணியிருந்தது. இத்தனைக்கும் திருக்குறளின் 11ஆம் அதிகாரமான செய்ந்நன்றி அறிதலை, 10 குறளையும் பிசகாமல் ஒப்பித்துப் பள்ளியில் பரிசு வாங்கியவள் அவள். ஒப்பித்ததும் எழுதியதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது.

மாற்றம் ஒரு கோடை விடுமுறையில் தற்செயலாக வந்தது. திருமங்கலத்துக்கு அப்பால் என் கணவரின் சித்தி வீட்டார் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். தினமும் தலையில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் அது செடியிலிருந்து வருவதை என் மகள் பார்த்ததில்லை. மொட்டு விரிவதற்கு முன் பறித்தால்தான் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நேரத்தில் போகும் என்பதால், இருட்டோடு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மகளும் கூடப் போனாள். இடுப்பில் துண்டை மடியாகக் கட்டிவிட்டார்கள். இடுப்பளவு கூட இல்லாத செடி. பெரியவர்கள் கடைசிவரை குனிந்தே நிற்க வேண்டும். பனியில் நனைந்த இலைகளுக்குள் விரலை விட்டு, அன்றைக்கு விரியும் மொட்டை மட்டும் கிள்ள வேண்டும். நாளைக்கு விரியும் பச்சை மொட்டைத் தொடக்கூடாது. என் மகள் அரை மணி நேரம் பறித்தாள். மடியை அவிழ்த்தபோது ஒரு டம்ளர் கூட நிறையவில்லை. பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, தன் மடியிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டு, "இது ஒனக்குத்தான் கண்ணு, தலைக்கு வச்சுக்க" என்றார். அந்த நேரத்தில்தான் அவர் நிமிர்ந்தார். நிமிரும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டதை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அவளாகவே நோட்டை எடுத்து எழுதியது இது: "பூப் பறிக்கிற அத்தைக்கு இடுப்பு வலிக்கும். அவங்க பறிச்சது கிலோக் கணக்குல காசு. அதுல எனக்கு ஒரு கை போட்டாங்க." இந்தக் கணக்கை நான் சொல்லித் தரவில்லை. மறுநாள் எங்கள் தெருவுக்குப் பூ விற்க வரும் அக்காவுக்கு அவளே சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அக்கா முழம் போட்டுவிட்டு மேலே நான்கு விரற்கடை கூட விடுகிறார் என்பதையும் அதற்குப் பிறகுதான் கவனித்தாள்.

அதிலிருந்து எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். வாரம் ஒரு முறை, ஞாயிறு மாலை, ஒரே ஒருவரைப் பற்றி மட்டும்: அவர் என்ன செய்தார், அதற்கு அவருக்கு என்ன செலவானது (காசு, நேரம், தூக்கம், இடுப்பு வலி எதுவானாலும்), பதிலுக்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று எழுதுகிறோம். நானும் என் கணவரும் எழுதுகிறோம். எழுத்துப் பிழையைத் திருத்துவதில்லை. வந்தவர்களிடம் எடுத்துக் காட்டுவதும் கிடையாது. வாரம் ஒரு முறை போதுமா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட, பலரும் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வின் முதல் பகுதியில், கல்லூரி மாணவர்கள் 10 வாரங்கள், வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதினார்கள். லியுபோமிர்ஸ்கி என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2005இல் எழுதியது இன்னும் தெளிவானது: 6 வாரங்கள் நடந்த அந்தச் சோதனையில், வாரம் ஒரு முறை எழுதியவர்களிடம்தான் மகிழ்ச்சி கூடியது, வாரம் 3 முறை எழுதியவர்களிடம் கூடவில்லை. இவை குழந்தைகளிடம் செய்த சோதனைகள் அல்ல என்பதை அறிவேன். ஆனாலும் பெரியவர்களுக்கே சலித்துப்போகும் ஒன்றை 8 வயதுப் பிள்ளை தினமும் தூக்கக் கலக்கத்தில் செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

"கூலி வாங்கிக்கொண்டுதானே பறிக்கிறார்கள், இதற்கு நன்றி எதற்கு?" என்று ஒரு உறவினர் என்னிடமே கேட்டார். பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கும் சம்பளம் வாங்கிய பொறியாளர்தான். 1895இல் திறக்கப்பட்ட அந்த அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்கு வந்து மேலூர்ப் பக்கம் வரை பாய்கிறது; மதுரையில் நாம் குடிக்கும் வைகைத் தண்ணீரிலும் அது கலந்திருக்கிறது. தேனி மாவட்டத்து விவசாயிகள் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 அன்று இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டியிருக்கும் வீடுகளும் உண்டு. அன்றோ மறுநாளோ வரும் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுகிறோம். ஆகவே இது மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்பவர்களுக்கும் நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் ஆதங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகள் முன்பு படித்த பள்ளியில் நன்றி தினம் என்று வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரே வாசகம் அச்சடித்த அட்டையைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அட்டைக்கு 150 ரூபாய் வாங்கினார்கள். பணம் கொண்டுவராத பிள்ளைகளை மேடைக்குக் கீழே தனியாக நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் என் திண்ணையைப் பார்த்தேன். பேசினேன், பயனில்லை.

என் மகனுக்கு 13 வயது. அவன் நோட்டில் எழுத மறுத்துவிட்டான், நானும் விட்டுவிட்டேன். போன ஐப்பசி மழையில் இரவு 11 மணிக்கு மின்மாற்றியைச் சரிசெய்ய வந்தவர்களுக்கு, வேலை முடியும்வரை நனைந்துகொண்டே டார்ச் பிடித்து நின்றான். அதைப் பற்றி இதுவரை வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஞாயிற்றுக்கிழமை நோட்டில் மட்டும் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகனிடம் ஒரு மாதம் நோட்டைப் பற்றிப் பேசாதீர்கள். "இவ்வளவுதானா?" என்று அடுத்த முறை கேட்டால், உனக்காக எவ்வளவு பாடுபடுகிறேன் என்று தயவுசெய்து தொடங்காதீர்கள். அவன் தினமும் பயன்படுத்தும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது வரும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அரை மணி நேரம் அந்த வேலையை அவன் கையால் செய்யட்டும். வந்த பிறகு நீங்கள் உங்கள் நோட்டில் எழுதுங்கள். அவன் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.