டிராக்டரில் கட்டி இழுக்க எந்தச் செயின் வாங்குவது? தடிமனாக இருந்தால் போதுமா?

நீங்கள் சொன்னது இதுதான்: 45 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. தோப்பில் விழுந்து கிடக்கும் தென்னை மரங்களையும் அடிக்கட்டைகளையும் ஓரமாக இழுத்துப் போட வேண்டும், ஒரு பழைய கல் தொட்டியையும் இடம் மாற்ற வேண்டும். இதுவரை நைலான் கயிறுதான். கடையில் மூன்று செயின் காட்டியிருக்கிறார்கள், இருப்பதிலேயே தடிமனானதை எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கிரேடு 80 (இரும்பின் வலுவைச் சொல்லும் எண்) முத்திரை உள்ள 10 மி.மீ. செயின் வாங்குங்கள். இரண்டு முனையிலும் அதே கிரேடு கொக்கியும் வளையமும் கடையிலேயே பூட்டி வாங்குங்கள். முத்திரை இல்லாத செயின் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டாம்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது இங்கே தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. அப்புறம் மாதக்கணக்கில் எல்லோருக்கும் மரம் இழுக்கிற வேலைதான். கையில் கிடைத்ததை எல்லாம் கட்டினார்கள்: கிணற்று ரோப், ஊஞ்சல் செயின், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய துருப்பிடித்த செயின். மரம் நகர்ந்துவிட்டதால் செயினும் சரியானதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிரேடு என்பது இரும்பின் வலு. கிரேடு 80 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்புக்கு 800 நியூட்டன் (ஏறக்குறைய 80 கிலோ பளு) வரை தாங்கி அறும். கிரேடு 30 என்றால் 300 நியூட்டன். ஒரு கண்ணிக்கு இரண்டு கால்கள். 10 மி.மீ. கம்பியில் இரண்டு காலும் சேர்ந்து 157 சதுர மி.மீ. வரும். ஆக, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு 10 மி.மீ. செயின்களில் கிரேடு 30 ஏறக்குறைய 4.8 டன்னில் அறும், கிரேடு 80 ஏறக்குறைய 12.8 டன்னில் அறும். வேலைக்கான பளு இதில் கால் பங்குதான்: கிரேடு 80-க்கு 3.15 டன், கிரேடு 30-க்கு 1.2 டன் அளவில். கடைக்காரர் ‘பன்னிரண்டு டன் தாங்கும்’ என்று சொன்னால், அது அறுகிற அளவா வேலைக்கான அளவா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘என் மரம் ஒரு டன்கூட இருக்காதே, அதற்கு 3 டன் செயின் எதற்கு’ என்று தோன்றும். பத்து மீட்டர் நீளம், முப்பது செ.மீ. விட்டம் உள்ள பச்சைத் தென்னை அரை டன்னுக்கு மேல் இருக்கும், அவ்வளவுதான். சீராக இழுக்கும்போது டிராக்டராலும் தன் எடையில் பாதி, முக்கால் அளவுக்குத்தான் இழுக்க முடியும்; அதற்கு மேல் போனால் டயர் சுற்றும். ஆபத்து வெட்டி இழுப்பதில் இருக்கிறது. செயினைத் தொய்வாக விட்டுவிட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு ஓடி இழுக்கிறோமே, அதைச் சொல்கிறேன். இரண்டு டன் டிராக்டர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போய், அடிக்கட்டை அசையாமல், ஐந்து செ.மீ. தூரத்துக்குள் நின்றால் செயினில் சராசரியாகவே ஏறக்குறைய 4 டன் இழுவை விழும். இரண்டு செ.மீ.க்குள் நின்றால் ஏறக்குறைய 10 டன். உச்சம் அதற்கும் மேலே. ஐந்து கி.மீ. என்பது ஆள் நடக்கிற வேகம். மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: கிரேடு 30 அங்கேயே போய்விடும், கிரேடு 80 செயினும் தன் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எந்தச் செயின் வாங்கினாலும் வெட்டி இழுக்கக் கூடாது. முதல் கியரில் மெதுவாக நகர்ந்து, தொய்வு முழுக்கப் போய் செயின் விறைத்த பிறகுதான் பாரம் கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் நிறுத்துங்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். சுற்றிலும் தோண்டி ஒரு பக்கத்து வேரை வெட்டிவிட்டால் கட்டை தானாகச் சாயத் தொடங்கும். நான் தோண்டாமல் கட்டை இழுக்க ஒத்துக்கொள்வதில்லை.

முத்திரையை எப்படிப் பார்ப்பது? கடை வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது, வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். சில கண்ணிகளுக்கு ஒருமுறை 8 அல்லது 80 அல்லது ஆங்கில எழுத்து டி (T), கூடவே தயாரிப்பாளரின் குறி, இரும்பிலேயே அடித்திருக்கும். பெயிண்டில் எழுதியிருப்பது, சீட்டு ஒட்டியிருப்பது கணக்கில் வராது. கூடவே சோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வெள்ளியாக மின்னும் செயின் பெரும்பாலும் கேட்டுக்கும் ஊஞ்சலுக்கும் செய்த சாதா இரும்பு. கிரேடு 70 கிடைத்தால் அது லாரியில் லோடு கட்டும் செயின். தரையில் இழுக்கலாம், தூக்கப் பயன்படுத்தக் கூடாது.

இனி முக்கியமான இடம், இணைப்பு. நல்ல செயினை வாங்கிவிட்டு, ஹார்டுவேர் கடையில் கிடைத்த ஏதோ ஒரு ஷேக்கிளில் (குறுக்கே ஆணி போட்டுப் பூட்டும் ‘யு’ வடிவ இரும்பு) மாட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். 10 மி.மீ. செயினுக்கு ஈடான ஷேக்கிள் 16 மி.மீ., உடம்பில் 3.25 டன் என்று அடித்திருக்கும். அதன் குறுக்கு ஆணி 19 மி.மீ. உங்கள் செயினின் கண்ணி உள்அகலமோ 13 மி.மீ. அளவுதான். நுழையாது. நுழையவில்லையே என்று அதைவிடச் சின்ன ஷேக்கிளை வாங்குகிறார்கள், அல்லது ஒரு போல்ட்டைப் போட்டு நட்டு முடுக்குகிறார்கள். 3 டன் செயின் அந்த நொடியிலேயே ஒரு டன் செயினாகிவிடுகிறது. அதனால்தான் முனையில் பெரிய வளையத்தைக் கடையிலேயே பூட்டி வாங்கச் சொன்னேன். ஷேக்கிள் அந்த வளையத்தில் போகும். இன்னொரு முனையில் கொக்கி. மரத்தைச் சுற்றிச் சுருக்குப் போட்டு இழுப்பவர்கள், சுருக்கு இறுகும் இடத்தில் செயின் மடங்குவதால் தாங்கும் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயினில் முடிச்சுப் போடாதீர்கள். முறுக்கிக் கொண்டிருந்தால் பிரித்துவிட்டு இழுங்கள். அறுந்த கண்ணியைப் பட்டறையில் வெல்டிங் வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். இந்தச் செயினின் வலு சூடாக்கிப் பதப்படுத்தியதில் வந்தது, வெல்டிங் சூடு அந்த இடத்துப் பதத்தைக் கெடுத்துவிடும். பார்வைக்கு ஒட்டினது போலவே இருக்கும், அதுதான் கேடு.

டிராக்டர் பக்கத்தில் எங்கே மாட்டுகிறீர்கள்? டிராபாரில் (டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும்தான், தாழ்வாக. டாப் லிங்க் பிராக்கெட்டிலோ, பின் ஆக்சிலிலோ, தூக்கி நிறுத்திய லிங்க் ஆர்மிலோ கட்டினால் என்ன ஆகும் என்பதை டெல்டாவில் சேற்று உழவு ஓட்டியவர்கள் அறிவார்கள். பின் சக்கரம் சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டால், இன்ஜின் சக்தி முன்பக்கத்தை மேலே தூக்கும். இழுவை உயரத்தில் இருந்தால் அந்தத் தூக்கலுக்கு அதுவே துணை போகும். முன் சக்கரம் எழும்புவது தெரிந்து கிளட்சை மிதிக்கிறதற்குள் வண்டி ஓட்டுநர் மேல் கவிழ்ந்துவிடும், எல்லாம் ஒரு நொடி வேலை. செயின் அறுந்தால்கூடத் தப்பிக்க வழி இருக்கிறது, இதில் அநேகமாக இல்லை. முன் சக்கரம் லேசாகத் தூக்கினாலே அன்றைக்கு அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள், ஜேசிபி கூப்பிடுங்கள்.

நைலான் கயிறு பற்றி. அது நீளும், நீளும்போது சக்தியைச் சேர்த்து வைக்கும். அறுந்தால் முனையில் உள்ள கொக்கி தோட்டா மாதிரி திரும்பி வரும். செயின் அவ்வளவு நீளாது, அதனால் சேமிப்பும் குறைவு. ஆனாலும் அறுந்த செயின் அங்கேயே விழும் என்று நம்பி யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. செயின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆள், குழந்தை, மாடு எதுவும் வேண்டாம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விரட்டுவது கஷ்டம்தான், கொஞ்சம் கோபப்பட்டாவது விரட்டுங்கள். நடுச் செயினில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவைத்தால் துள்ளல் ஓரளவு அடங்கும்.

வாங்கின பிறகு பார்க்க வேண்டியது: கண்ணியும் கண்ணியும் உட்காரும் உள்வளைவு. அங்கே விரல் நகத்தை வைத்துத் தேய்த்தால், புதுச் செயினில் வழுக்கிக்கொண்டு போகும்; தேய்ந்ததில் ஒரு குழியில் இறங்கி நிற்கும். வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அந்த இடத்தை அளங்கள். 10 மி.மீ. 9 ஆகிவிட்டால் செயின் ஓய்வு. அதே போல் பத்துக் கண்ணிகளை இறுக்கமாக நீட்டிப் பிடித்து, முதல் கண்ணியின் உள்வளைவிலிருந்து பத்தாவதன் உள்வளைவு வரை அளந்தால் புதுச் செயினில் 300 மி.மீ. அளவுக்கு இருக்கும். வாங்கிய அன்று அளந்து ஒரு இடத்தில் எழுதி வையுங்கள். பிறகு அது நீண்டிருந்தால் என்றைக்கோ அளவுக்கு மேல் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை நம்பாதீர்கள். விரிந்த கொக்கியும் அப்படித்தான், சுத்தியலால் அடித்து நிமிர்த்தி மறுபடி மாட்ட வேண்டாம்.

கல் தொட்டிக்கு மட்டும் ஒரு விஷயம். செயினை நேரடியாகக் கல்லின் விளிம்பில் சுற்றாதீர்கள், கூரான மூலையில் கண்ணி குறுக்காக வளையும். அடியில் இரண்டு பனஞ்சட்டம் கொடுத்து ஏற்றி, சட்டத்தில் செயினைக் கட்டி இழுங்கள், விளிம்பில் படும் இடத்தில் பழைய டயர் துண்டு வையுங்கள். நீளம் ஐந்து மீட்டர் போதும். 10 மி.மீ. செயின் மீட்டருக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.