நிறுவனங்கள் நினைத்தால் வறுமை குறையுமா? பாடாங் செராயிலிருந்து ஒரு பதில்

கேள்வி: என் நிறுவனத்தில் சமூகப் பொறுப்புக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அரசு, தனியார், தொண்டு அமைப்புகள் மூன்றும் சேர்ந்தால் வறுமையும் ஏற்றத்தாழ்வும் உண்மையிலேயே குறையுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

குறையும். ஆனால் உங்கள் குழுவால் குறையாது. உங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கிற பிரிவும் பஸ் ஏற்பாடு செய்கிற பிரிவும் மனம் வைத்தால் குறையும்.

கோலாலம்பூரில் ஏதோ ஒரு மாடியில் ஏர்கோனுக்குக் கீழே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய்க்காரன். சுற்றிலும் தோட்டம்தான், ஒரு காலத்தில் கித்தா, அதாவது ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. காடியில், அதாவது காரில், போனால் கொஞ்ச நேரத்தில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்துவிடும், 1996இல் திறந்தது. உலகத்துக்கே சில்லு செய்து அனுப்புகிற ஆலைகள் அங்கே இருக்கின்றன, வேலை இல்லாத பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்ததால் இரண்டு பக்கத்து ஆட்களிடமும் பேசியிருக்கிறேன்.

'மலேசியாவில் ஏழை எங்கே இருக்கிறான்?' என்று உங்கள் மேலதிகாரி கேட்டால் சொல்ல ஒரு கணக்கு தருகிறேன். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்) என்று வறுமைக் கோடு போட்டிருந்த காலத்தில் நாட்டில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. 2019 ஆகஸ்டில் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்துவிட்டு, இது நம்பும்படி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் அரசாங்கம் வறுமைக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தியது. 2019க்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என்று வந்தது. திடீரென்று யாரும் ஏழையாகிவிடவில்லை, அதுவரை கணக்கில் வராதவர்கள் கணக்கில் வந்தார்கள். எங்கள் தோட்டத்து வீடுகள் பலவும் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தவைதான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்களுக்கும் நிறுவனங்கள் வந்து உதவாமல் இல்லை. தீபாவளி வந்தால் ஹாம்பர் வரும். அரிசி, எண்ணெய், கோதுமை மாவு, ஒரு டின் பிஸ்கட். கூடவே ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைக் காசோலை. படம் எடுத்து முடிக்கும்வரை பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டும். அதுவும் பண்டிகைக்கு முதல் நாள் கொண்டுவந்து இறக்குவார்கள், வீட்டில் பலகாரமெல்லாம் சுட்டு முடித்த பிறகு! அனுமதி பெற்ற அறவாரியத்துக்குக் கொடுத்தால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் நிறுவனத்துக்கு, வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவும் கிடைக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான் நாங்களும். ஆனால் அடுத்த தீபாவளிக்கும் அதே வீடுகள்தான் பட்டியலில் இருக்கும்.

ஒரு வருடம், ஓர் ஆலையின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண்மணி பள்ளிக்கு வந்தார். நாங்கள் 'காக்' (அக்கா) என்றுதான் கூப்பிடுவோம். ஹாம்பர் எதுவும் கொண்டுவரவில்லை. "எனக்கு ஆள் பற்றவில்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து ஹாஸ்டலில் வைத்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற உங்கள் பிள்ளைகள் ஏன் விண்ணப்பம் போடுவதில்லை?" என்று கேட்டார். சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கேட்டார், நாங்கள் அவரைத் தோட்டத்துக்கே அழைத்துப்போனோம்.

ஒரு லயத்து வீட்டு வாசலில் ஓர் அம்மா சொன்னார்: "ஏழு மணிக்கு ஷிப்டு. கீலாங் பஸ் பெக்கான் முச்சந்தியில அஞ்சரைக்கு நிக்குது. இங்கேருந்து நாலு கட்டை. அந்த இருட்டுல செம்பனைக் காட்டுக்குள்ள பொம்பளப் பிள்ளைய எப்படிண்ணே அனுப்புறது?" கீலாங் பஸ் என்றால் ஆலை பஸ், பெக்கான் என்றால் சிறு பட்டணம், கட்டை என்றால் மைல். மோட்டார் வாங்கலாமே என்பீர்கள். முன்பணம் யார் கொடுப்பது? லைசென்ஸ் எடுக்கக் காசு யார் கொடுப்பது? வேலை கிடைத்தால் இதெல்லாம் வாங்கலாம், இதெல்லாம் இருந்தால்தான் வேலைக்குப் போகலாம்.

பஸ்ஸைத் தோட்டத்துக்குள் விடுங்கள் என்று கேட்டோம். அங்கேதான் நீங்கள் சொல்கிற கூட்டு முயற்சியெல்லாம் வந்தது. தோட்ட வாசலில் பாலாங் தடுப்பு, ஜாகாக்காரர் (காவலாளி) காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார். காரணம் குலைத் திருட்டு. இரவில் லாரி வந்து செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மேனேஜர் சம்மதிக்க வேண்டும். நடுவில் ஒரு பழைய பாலம், பெரிய பஸ் ஏறினால் தாங்குமா என்று பஸ் கம்பெனிக்குச் சந்தேகம். பேசிப் பேசி, சின்ன பஸ், அதன் நம்பர் ஜாகாவிடம் எழுதிக் கொடுப்பது, ஐந்து மணிக்குத் திறப்பது என்று முடிந்தது. கோயில் கமிட்டி மண்டபத்தைக் கொடுத்தது; அங்கே மாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நேர்முகத் தேர்வுக்கு மலாயில் பேசப் பழக்கினார். இதில் ஒன்றுக்கும் பெரிய காசு ஆகவில்லை. ஆனால் இதையெல்லாம் செய்ய யாராவது தோட்டத்துக்குள் வந்து நின்று பேச வேண்டியிருந்தது.

எங்களுக்கே தெரியாத இன்னொரு ஓட்டையும் இருந்தது. சேர்ந்த முதல் மாதத்திலேயே சிலர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். விசாரித்தால், முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை கேன்டீன் சாப்பாடு, வீட்டுச் செலவு எல்லாம் கடன். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போனால் அன்றைக்கே ஏதாவது கைக்கு வரும். காக் அதைக் கேட்டுவிட்டு, முதல் இரண்டு வாரம் முடிந்ததும் முன்பணம் கொடுத்து, பிறகு மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க ஏற்பாடு செய்தார். வேலையை விட்டு நிற்பவர்கள் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறைந்தது. அப்போது சேர்ந்த ஒரு பெண் இப்போது அங்கே டெக்னீஷியன். வீட்டுக்கு அவள்தான் மூத்தவள், தம்பி பாலிடெக்னிக் போய்விட்டான்.

எல்லாம் சுகமாக முடியவில்லை. காக் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், புதிதாக வந்தவர் செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் வெட்டியது எங்கள் பஸ்ஸைத்தான். ஏனென்றால் அதைச் சமூகப் பொறுப்புச் செலவில் எழுதியிருந்தார்கள். ஷிப்டில் ஆள் குறைந்து, உற்பத்திப் பிரிவு கத்தின பிறகு பஸ் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஆலையின் வழக்கமான போக்குவரத்துச் செலவில். அதற்கப்புறம் யாரும் அதில் கை வைக்கவில்லை. தர்மக் கணக்கில் இருக்கிற எதையும் முதலில் வெட்டுவார்கள். உங்களிடம் நான் சொல்ல வந்ததே இதுதான்.

இனி சிலர் கீழே வந்து, முதலாளிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று எழுதுவார்கள். இல்லை ஐயா. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளியில் தொடங்கி 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்தது என்றால் அது சட்டத்தால்தான் வந்தது. எந்த நிறுவனமும் தானாக மனமிரங்கிக் கொடுக்கவில்லை. சங்கமும் சட்டமும் செய்ய வேண்டியதை ஹாம்பர் செய்யாது, பஸ்ஸும் செய்யாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் திட்டுவதற்கும் இதை யாரும் பயன்படுத்த வேண்டாம். நம் தாத்தா பாட்டியும் கப்பலேறி வந்தவர்கள்தான்.

'உங்கள் ஆட்கள் எப்போதும் கையேந்துகிறார்கள்' என்று ஒருவர் இதே கேள்விக்கு எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவருக்கு மட்டும்: வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், அப்போதைய மஇகா (இந்தியர் காங்கிரஸ் கட்சி) தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டியவர்கள் கட்டின காசில் முதலில் வாங்கியது எங்கள் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். இது கையேந்தலா?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. வேலை நிரந்தரமானதும் எங்கள் பையன்கள் ஆலைக்குப் பக்கத்தில் அறை தேடினார்கள். போனில் மலாயில் பேசும்போது அறை காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் 'இப்போதுதான் கொடுத்துவிட்டேன்' என்பார்கள். விளம்பரத்திலேயே இந்தியர்களுக்கு இல்லை என்று போடுகிறவர்களும் உண்டு. மாதச் சம்பளச் சீட்டு கையில், கேடபிள்யுஎஸ்பி (ஊழியர் சேமநிதி) பிடிக்கிறார்கள், இருந்தும் வீடு இல்லை. உங்கள் நிறுவனம் தன் பெயரில் நாலு வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தால் அது பத்து அட்டைக் காசோலைக்குச் சமம். ஏற்றத்தாழ்வு என்று கேட்டீர்களே, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்க வேண்டிய இடம்: உங்கள் ஆலை இருக்கிற ஊரில் வேலைக்கு வராதவர்களிடம் போய், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) சரியாக எடுக்காத பிள்ளைகளுக்குத் தேசிய இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது, 2005இலிருந்து நடக்கிறது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலை இடத்திலேயே, மிச்சம் பயிற்சி நிலையத்தில். பத்து பேரோ அதற்கு மேலோ உள்நாட்டு ஊழியர்கள் இருந்தால் உங்கள் நிறுவனம் எப்படியும் எச்ஆர்டி கார்ப் என்கிற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு தீர்வை கட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காசு பயிற்சிக்குத் திரும்ப எடுக்கத்தான் இருக்கிறது, பல இடங்களில் சும்மா கிடக்கிறது என்று கேள்வி.

அப்புறம், பஸ் குத்தகையை எப்போது புதுப்பிக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் பக்கம் வருடக் கடைசியில். கையெழுத்தான பிறகு போய் வழியை மாற்றச் சொன்னால் கூடுதல் செலவு என்பார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.