42 வயதில் முதல் படம்: ஆலன் ரிக்மனின் கணக்கைச் சரியாகப் பார்ப்போம்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வயது 36. ஒரு நிறுவனத்தில் கிராஃபிக் டிசைனர் வேலை. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாக்களில் நாடகம் போட்டு வருகிறேன். நன்றாக நடிக்கிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஹாரி பாட்டர் படங்களில் ஸ்னேப் என்ற ஆசிரியராக நடித்த ஆங்கில நடிகர் ஆலன் ரிக்மனும் என்னைப் போல டிசைனர்தான், 42 வயதில்தான் முதல் படத்தில் நடித்தார் என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? மனைவி வேலைக்குப் போகிறார். ஒரு மகள். வீட்டுக் கடன் இருக்கிறது. என் குரல் எப்போதும் மூக்கடைத்தது போல இருக்கும், அது தடையாகுமா?
- வாசகர், லண்டன்

பதில்: ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்ப்போம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நடுவிலிருந்து 16 வருடங்களைக் காணவில்லை.

ரிக்மன் 1946 பிப்ரவரி 21 அன்று மேற்கு லண்டன் ஆக்டனில் பிறந்தார். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. மகனுக்கு எட்டு வயதானபோது நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். நான்கு பிள்ளைகளை அம்மாதான் வளர்த்தார், அதுவும் கவுன்சில் வீட்டில், அதாவது நகராட்சி வாடகைக்குத் தரும் வீட்டில். பையன் உதவித்தொகை வாங்கி ஹாமர்ஸ்மித்தில் உள்ள லாட்டிமர் அப்பர் பள்ளிக்குப் போனார். பள்ளி நாடகங்களிலேயே பெயர் எடுத்துவிட்டார். ஆனாலும் 18 வயதில் நாடகப் பள்ளிக்குப் போவது புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் நடக்கும் பேச்சு மாதிரியே இருக்கிறது, இல்லையா? செல்சி கலைக் கல்லூரியில் சேர்ந்தார், அப்புறம் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். படிப்பு முடிந்து நண்பர்களோடு 'கிராஃபிட்டி' என்ற பெயரில் ஒரு டிசைன் ஸ்டுடியோ நடத்தினார். வேலையும் வந்துகொண்டுதான் இருந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1972-ல், 26 வயதில், ராடா என்று எல்லோரும் அழைக்கும் ராயல் நாடகக் கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதி ஆடிஷன் கேட்டார். இடம் கிடைத்தது. ஆக, அவர் துறை மாறிய வயது 26. 42 என்பது திரைப்பட உலகம் அவரைக் கவனித்த வயது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது.

ராடாவில் படிக்கும்போது கைச்செலவுக்கு என்ன செய்தார் தெரியுமா? தெரிந்த டிசைன் வேலையை வெளியில் எடுத்துச் செய்தார். நாடக அரங்குகளில் டிரஸ்ஸராகவும் இருந்தார், அதாவது பெரிய நடிகர்களுக்கு மேடைக்குப் பின்னால் உடை மாட்டிவிடும் ஆள். ரால்ஃப் ரிச்சர்ட்சனுக்கும் நைஜல் ஹாதோர்னுக்கும் அப்படி வேலை பார்த்திருக்கிறார். என்னிடம் நடிப்புப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இந்த இடத்தைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அவருடைய வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரிச்சர்ட்சன் போன்ற ஒருவர் ஒவ்வொரு இரவும் அதே வசனத்தை எப்படி எடுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பதைப் பக்கவாட்டிலிருந்து தினமும் பார்க்கலாம். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். எந்தப் பள்ளியில் கிடைக்கும் இது?

1974-ல் ராடாவை விட்டு வரும்போது பான்கிராஃப்ட் தங்கப் பதக்கமும் கையில் இருந்தது. பதக்கம் வாங்கியவரை மறுநாளே யாரும் ஹாலிவுட்டுக்கு அழைத்துப் போகவில்லை. பர்மிங்ஹாம், ஷெஃபீல்ட், பிரிஸ்டல் என்று ஊர் ஊராக ரெப் நாடகக் குழுக்களில் நடித்தார். ரெப் என்றால், ஓர் ஊர் அரங்கம் நிரந்தரமாக ஒரு நடிகர் குழுவை வைத்துக்கொண்டு சில வாரங்களுக்கு ஒரு நாடகமாக மாற்றி மாற்றிப் போடுவது. ஒரு நாடகத்தில் நாயகன், அடுத்ததில் இரண்டு வரி பேசும் வேலைக்காரன். அரசு மானியம் இருந்ததால் சிறிய சம்பளமாவது வந்தது. அந்த ஏணி இன்று பெரும்பாலும் உடைந்துவிட்டது. இதை நான் மறைக்க மாட்டேன்: ரிக்மன் ஏறிய படிகளில் பாதி உங்களுக்குக் கிடைக்காது.

1978-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தார். பெரிய பெயர், ஆனால் அவருக்கு அங்கே திருப்தி இல்லை. வெளியே வந்துவிட்டார். 32, 33 வயதில், நாட்டின் முதல்தர நாடகக் குழுவிலிருந்து வெளியே வந்து, ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு மதுக்கடைக்கு மேலே இயங்கிய புஷ் தியேட்டர் போன்ற சின்னச் சின்ன அரங்குகளில் புது எழுத்தாளர்களின் நாடகங்களில் நடித்தார். பார்வையாளர் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருக்கும் இடங்கள் அவை. அங்கே குரலை உயர்த்த முடியாது, கண்ணால் பொய் சொல்ல முடியாது. பிற்காலத்தில் கேமராவுக்கு முன்னால் அவர் எதுவும் செய்யாமல் நின்றே பயமுறுத்தினாரே, அந்த வித்தையை இந்தச் சின்ன அரங்குகளில்தான் பிடித்தார் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் வயதுக்கு வருவோம். 36 வயதில் ரிக்மன் என்ன செய்துகொண்டிருந்தார்? 1982-ல் பிபிசி ஒளிபரப்பிய 'பார்செஸ்டர் கிரானிக்கிள்ஸ்' தொடரில் ஒபாடியா ஸ்லோப் என்ற, நைச்சியமாகப் பேசும் பாதிரியாராக நடித்தார். நாட்டுக்கு அவர் முகம் தெரிந்தது அப்போதுதான். அதற்குள் பயிற்சி, மேடை எல்லாம் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. உங்கள் கணக்கு அந்தப் பத்து வருடத்தின் தொடக்கத்தில் நிற்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் 36 வயது ரிக்மனோடு வேண்டாம், 26 வயது ரிக்மனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1985-ல் மீண்டும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குப் போனார். அங்கே கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் எழுதிய 'லே லியெசோன் டேஞ்சரூஸ்' நாடகத்தில் வால்மோன் பாத்திரம். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு தகரக் கொட்டகை போன்ற சிறிய அரங்கில் தொடங்கிய நாடகம், லண்டன் வெஸ்ட் எண்டுக்குப் போய், 1987-ல் நியூயார்க் பிராட்வே வரை போனது. அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனிக்குப் பரிந்துரை கிடைத்தது. அடுத்த வருடம் அதே கதை படமானபோது அந்தப் பாத்திரம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது! இரண்டு வருடம் ஒருவர் உடம்பிலேயே ஊறிய பாத்திரம். இந்தத் தொழிலில் இப்படித்தான் நடக்கும். தாங்குவீர்களா என்று இப்போதே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே பிராட்வே மேடையில் அவரைப் பார்த்த ஜோயல் சில்வர் என்ற தயாரிப்பாளர்தான் 'டை ஹார்ட்' படத்துக்கு அழைத்தார். முதலில் அவருக்கு இஷ்டமில்லை. அடிதடிப் படம்தானே என்று நினைத்தார். நாயகன் புரூஸ் வில்லிஸுக்குப் பெரும் தொகை கொடுத்துவிட்டதால் வில்லனுக்கு மலிவாக ஓர் ஆள் தேவைப்பட்டது, அதனால்தான் தனக்கு வாய்ப்பு என்று பிறகு வேடிக்கையாகச் சொல்வார். படப்பிடிப்புக்கு முன்பு அவர் செய்த ஒரு காரியம் உங்களுக்கு நேரடியாக உதவும். ஹான்ஸ் குரூபர் என்ற அந்த வில்லன் வழக்கமான தீவிரவாதி உடையில் வேண்டாம், கோட்டு சூட்டில் வரட்டும், அப்போது பணயக்கைதி போலவும் நடிக்க முடியும் என்று ஒரு குறிப்பு எழுதித் தயாரிப்பாளரின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சொன்னதைப் போட்டுக்கொள் என்பதுதான் முதலில் வந்த பதில். கொஞ்ச நாளில் புது ஸ்கிரிப்ட் வந்தது. அதில் அவர் சொன்னது இருந்தது. அந்தச் சூட்டு யோசனையில் எனக்கு நடிகரைவிட டிசைனர்தான் தெரிகிறார். வரைந்து பழகிய கண், ஓர் உருவம் திரையில் எப்படி நிற்கும் என்று முன்கூட்டியே பார்க்கிறது. உங்களிடமும் அந்தக் கண் இருக்கிறது. டிசைன் வேலையில் கழிந்த வருடங்களை வீணாய்ப் போனதாக நினைக்காதீர்கள்.

1988 ஜூலையில் படம் வந்தபோது வயது 42. இதுதான் உங்கள் நண்பர் அனுப்பிய செய்தி.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள் என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லனாகவே முடங்கிவிடாமல், இயக்குநர் ஆந்தனி மிங்கெல்லாவின் சின்னப் படம் ஒன்றில் காதலிக்காகத் திரும்பி வரும் செல்லோ வாசிக்கும் ஆவியாக நடித்தார். 1991-ல் ராபின் ஹூட் படத்தில் நாட்டிங்ஹாம் ஷெரிஃபாக மறுபடியும் வில்லன். அதற்கு பாஃப்டா விருது. ஜேன் ஆஸ்டின் கதையில் மௌனமான கர்னல், ரஸ்புடினாக நடித்ததற்கு எம்மி விருது, 2001 முதல் 2011 வரை எட்டு ஹாரி பாட்டர் படங்களில் ஸ்னேப். ஸ்னேப் பாத்திரத்தின் ரகசியத்தில் ஒரு துளியை, ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ரௌலிங் அவரிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தார். கடைசிப் புத்தகம் வெளிவந்ததோ 2007-ல். அதுவரை வாயைத் திறக்காமல் அதை நடிப்பில் மட்டும் வைத்திருந்தார் மனிதர். ஆஸ்கருக்கு ஒரு முறைகூடப் பரிந்துரை இல்லை. 2016 ஜனவரி 14 அன்று கணையப் புற்றுநோயில் 69 வயதில் காலமானார்.

சரி, உங்கள் கேள்விகள்.

குரல் பற்றி. உலகமே காப்பியடிக்கும் அந்தக் குரலிலும் குறை சொன்னார்கள். மேலண்ணத்தின் பின்பகுதி சரியாக வேலை செய்யவில்லை என்று ஒரு குரல் ஆசிரியர் அவரிடம் சொல்லியிருக்கிறார். தாடை இறுக்கம் வேறு. சொற்கள் மெதுவாக, இழுவையாக வந்தன. அதை மறைக்காமல் பயிற்சியால் தன் பாணியாக்கிக்கொண்டார். உங்கள் மூக்கடைப்பு உண்மையில் உடல் சார்ந்ததா என்று முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால் அது பழக்கம்தான். ஆறு மாதம் ஒழுங்காகக் குரல் பயிற்சி எடுத்தால் உங்களுக்கே வித்தியாசம் கேட்கும். யாழ்ப்பாண உச்சரிப்போ சென்னை உச்சரிப்போ கலந்த ஆங்கிலத்துக்காகக் கூச்சப்படாதீர்கள், அதைத் துடைத்துப் போடவும் வேண்டாம். இன்னோர் உச்சரிப்பையும் கூடக் கற்றுக்கொண்டால் போதும்.

வேலையை விடுவதா? வேண்டாம், இப்போது வேண்டாம். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்க உரிமை இருக்கிறது. தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை, ஆனால் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாரத்தில் நான்கு நாள் என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் ஐந்தாவது நாளையும் மாலைகளையும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மத்திய லண்டனில் உள்ள சிட்டி லிட் பெரியவர்களுக்கான கல்லூரி. மாலையிலும் வார இறுதியிலும் நடிப்பு, குரல் வகுப்புகள் அங்கே உண்டு. ராடாவும் குறுகிய கால வகுப்புகள் நடத்துகிறது. அங்கே உங்களைப் பாராட்டும் சொந்தக்காரர்கள் இருக்க மாட்டார்கள், அதுவே பெரிய நன்மை. ஆண்டு விழாக் கைதட்டலை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் மகளின் வகுப்பு ஆசிரியை கைதட்டியதை வைத்து வீட்டுக் கடனைப் பந்தயம் கட்ட முடியாது.

ஒரு வருடம் கழித்து, ஃபிரிஞ்ச் என்று அழைக்கப்படும் சிறிய, குறைந்த செலவில் நாடகம் போடும் அரங்குகளில் ஆடிஷனுக்குப் போங்கள். அங்கே 'லாபத்தில் பங்கு' என்பார்கள். லாபம் என்று ஒன்று அநேகமாக இருக்காது, தெரிந்தே போங்கள். வேலை வாங்கித் தருகிறேன், முதலில் புகைப்பட ஆல்பத்துக்குப் பணம் கட்டு என்று சொல்லும் ஏஜென்டைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒழுங்கான ஏஜென்ட் நீங்கள் சம்பாதித்த பிறகுதான் தன் கமிஷனை எடுப்பார்.

அப்புறம், வாட்ஸ்அப் செய்தியில் இல்லாத இன்னொரு பெயர்: ரீமா ஹார்ட்டன். ரிக்மன் அவரை 1965-ல், 19 வயதில், செல்சியில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் சந்தித்தார். ரீமா பொருளாதார விரிவுரையாளர். பிறகு லண்டனில் தொழிற்கட்சிக் கவுன்சிலராக 20 வருடம் இருந்தார். இருவரும் சேர்ந்தே வாழ்ந்து, 2012-ல் யாருக்கும் சொல்லாமல் நியூயார்க்கில் திருமணம் செய்துகொண்டார்கள். ரெப் சம்பளத்தில் காலம் தள்ளிய வருடங்களில் வீட்டில் ஒருவருக்கு நிலையான வேலை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் மனைவி வேலைக்குப் போகிறார் என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. சிட்டி லிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் மாதக் கணக்கை வைத்து உட்கார்ந்து பேசுங்கள்: நான்கு நாள் சம்பளத்தில் கடன் தவணை போக எவ்வளவு மிஞ்சும், எத்தனை மாதம் தாங்கும், மாலை வகுப்பு நாட்களில் மகளை யார் பார்த்துக்கொள்வது. பேசி முடித்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்; ஆடிஷனுக்கு எந்தப் பகுதியை எடுப்பது என்று சேர்ந்து யோசிப்போம்.